பித்தளைக் கோதின் வாயை வெட்ட எந்தக் கருவி?

கேள்வி: திருகோணமலையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், அநேகமாகப் படகு எஞ்சின் வேலைதான். கனடாவில் இருக்கிற மச்சான் அங்கே இலக்குச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, தன்னுடைய .308 துவக்குக்குச் சுட்ட கோதுகளையே (ரவையின் பித்தளை உறைகளையே) மீள நிரப்பிப் பாவிக்கிறார். மாதம் நூறு, நூற்றைம்பது கோது வரும். கோதின் நீளத்தை வெட்டுகிற கருவி ஒன்று வாங்கப் போகிறாராம். ஒன்றுக்கொன்று விலை பல மடங்கு வித்தியாசப்படுகிறது. எதை வாங்கச் சொல்லலாம்? நானே இங்கே கடைந்து அனுப்பினால் என்ன?

பதில்:

மாதம் நூற்றைம்பது, அதுவும் ஒரே ஒரு அளவுத் துவக்கு என்றால் லீ நிறுவனத்தின் கையால் திருப்புகிற சின்ன வெட்டியே போதும். இருக்கிற வகைகளில் மலிவும் அதுதான். இன்னும் இரண்டு மூன்று அளவுத் துவக்குகள் சேரப்போகின்றன என்றால் கைபிடி சுற்றுகிற மேசை வகைக்குப் போகலாம். மோட்டர் பூட்டியது இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் கடைந்து அனுப்புகிற கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

லேத்காரர் என்றபடியால் உங்களுக்கு ஒரு கேள்வியிலேயே விசயம் விளங்கிவிடும்: கோது எந்த இடத்தில் முட்டி நிற்கிறது? ஒரு துண்டை நீளத்துக்கு வெட்டும்போது ஸ்டொப் எங்கே என்று முதலில் பார்ப்பீர்கள்தானே. இந்தக் கருவிகளுக்குள் இருக்கிற உண்மையான வித்தியாசமும் அதுதான். நிறம், மைக்ரோமீற்றர் தலை, பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் ஏன் வெட்டவேண்டும் என்பது. கழுத்து ஒடுங்கிய கோது சுடும்போது உப்பி, துவக்கில் ரவை உட்காருகிற அறையின் சுவரில் ஒட்டும். பிறகு அதை அச்சுக்குள் விட்டு அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது, பிதுங்குகிற பித்தளைக்குப் போக்கிடம் முன்பக்கம் மட்டும்தான். ஆனபடியால் கழுத்து நீளும். .308 வின்செஸ்டர் கோதுக்கு உச்ச நீளம் 51.18 மி.மீ. (2.015 அங்குலம்). வெட்டி வைக்கவேண்டிய நீளம் 50.93 மி.மீ. (2.005 அங்குலம்). இடையில் கால் மில்லிமீற்றர் இருக்கிறது. அது நீளுவதற்கு விட்ட இடம். உச்சத்தைத் தாண்டி அறையின் முன் விளிம்பில் வாய் முட்டினால், கோதின் வாய் சன்னத்தை (அதில் செருகியிருக்கிற குண்டை) இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சன்னம் கழன்று போகத் தாமதிக்க, உள்ளே அழுத்தம் ஏறும். துவக்கும் முகமும் சேதப்படுகிற அளவுக்கு ஏறக்கூடும். ஆகவே வெட்டுவது துல்லியமாகச் சுடுவதற்காக என்று சிலர் சொல்வது பாதிக் கதை; முதற் காரணம் பாதுகாப்பு. கைத்துப்பாக்கியின் நேரான கோதுகள் இப்படி நீளுவது குறைவு. .45 ஏசிபி போன்றவை சுடச்சுடக் கொஞ்சம் குறுகுவதும் உண்டு, அவற்றை அநேகர் வெட்டுவதே இல்லை.

இதிலிருந்து வருகிற முதல் ஒழுங்கு: அச்சில் அமுக்கிய பிறகுதான் அளப்பதும் வெட்டுவதும். வெட்டிவிட்டு அமுக்கினால், அமுக்கும்போது மறுபடி நீண்டு, அளந்த அளவு பொய்யாகிவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாகத் தவறுகிற இடம் இதுதான்.

இனி ஸ்டொப் கதை. லீ வகையில் வெட்டியின் நடுவில் நீளமான ஊசி ஒன்று இருக்கும். அது கோதின் வாயால் நுழைந்து, அடியில் உள்ள தீத்துளை (பற்றவைக்கிற தீ உள்ளே போகிற துளை) வழியாக வெளியே வந்து, கோதைப் பிடித்திருக்கிற தாங்கியின் உள்ளடியில் முட்டும். முட்டினால் மேலே வெட்டாது. அளக்கவும் வேண்டாம், சரிசெய்யவும் வேண்டாம். ஊசியின் நீளமே அளவு. ஒவ்வொரு கோது அளவுக்கும் ஊசியும் அடியைப் பிடிக்கிற வளையமும் தனியாக வாங்கவேண்டும். வெட்டியும் தாங்கியும் பொது. தாங்கியின் தண்டை மின் துளைக்கருவியில் பூட்டி மெதுவாகச் சுற்றவிட்டு, வெட்டியைக் கையில் பிடித்து உள்ளே தள்ளினால் ஒரு கோதுக்குச் சில விநாடி. நூறு கோது ஒரு மாலைப்பொழுதுக்குள் முடிந்துவிடும்.

இதன் குறை இரண்டு. நீளத்தை மாற்ற முடியாது: ஊசி நுனியை அராவினால் கோது இன்னும் குட்டையாக வெட்டப்படும், திரும்பக் கூட்ட வழியில்லை. மற்றது, நடுவில் ஒற்றைத் தீத்துளை இருக்கிற கோதுக்குத்தான் சரிவரும். ஐரோப்பியப் பழைய இராணுவக் கோதுகள் சிலவற்றில் நடுவில் துளை இராது, ஓரமாக இரண்டு சின்னத் துளை இருக்கும். பெர்டான் வகை என்பார்கள். அதில் ஊசி நுழையாது. அந்தக் கோதுகளை மீள நிரப்புவதே தொல்லை, மச்சான் அவற்றைத் தள்ளி வைப்பதே புத்தி.

இரண்டாவது வகை கையால் சுற்றுகிற குட்டி லேத். ஃபோர்ஸ்டர், லைமன், ஆர்சிபிஎஸ், ரெடிங், ஹோர்னடி எல்லாரும் செய்கிறார்கள். ஒரு பக்கம் அடியைப் பிடிக்கிற சக் அல்லது கொலெட், மறுபக்கம் வெட்டி, வெட்டியின் மூக்கில் கழுத்துக்குள் நுழைகிற வழிகாட்டி முளை. தண்டில் உள்ள கழுத்துப்பட்டை ஸ்டொப். பைலட் என்கிற அந்த முளை சன்னத்தின் விட்டத்துக்கு ஏற்ப மாறும், சக் பெரும்பாலும் எல்லா அளவுக்கும் பொருந்தும். பல அளவுத் துவக்கு வைத்திருப்பவர்களுக்கு இது இலாபம். இங்கேயும் நீளம் அடியிலிருந்துதான் கணக்காகிறது. ஆனால் அடி எதில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். கொலெட் விளிம்பைப் பிடித்து இழுத்து இறுக்குகிற வகையில், கோதுக்குக் கோது விளிம்பு வித்தியாசப்பட்டால் உட்காருகிற இடமும் கொஞ்சம் முன்பின் போகும். கையின் இறுக்கம் மாறினாலும் அப்படியே. கொலெட் சக் பாவித்தவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இந்தக் குடும்பத்திலேயே வில்சன் என்பது வேறு மாதிரி. கோதின் உடம்பில் இருக்கிற சரிவுக்கு ஏற்பக் கடைந்த உருளைத் தாங்கிக்குள் கோதை மெல்லத் தட்டி இறுக்கி, அதை இரண்டு தண்டவாளத்தில் கிடத்தி, அடியைப் பின்பக்கத் திருகில் முட்டவைத்து வெட்டுவது. பைலட் இல்லாமலே வாய் செங்குத்தாக வரும், ஏனென்றால் பிடிக்கிற இடம் கோதின் முழு உடம்பு. தூர இலக்குப் போட்டிக்காரர் பலர் இதைத்தான் விரும்புவார்கள். வேகம் குறைவு. ஒவ்வொரு கோதையும் தட்டி ஏற்றி, தட்டி இறக்கவேண்டும்.

மூன்றாவது வகை தோளில், அதாவது உடம்பு கழுத்தாக ஒடுங்குகிற சரிவில், முட்டி நிற்பது. மின் துளைக்கருவியில் பூட்டுகிற டபிள்யூஎஃப்ரி, மேசையில் மோட்டரோடு நிற்கிற ஜிரோ போன்றவை. கோதைக் கையில் பிடித்துத் துளைக்குள் தள்ளினால், உள்ளே உள்ள உறை தோளில் முட்டி நிறுத்தும். அடியைப் பிடிக்கவே தேவையில்லை, அதனால் மிக வேகம். ஜிரோவில் மூன்று முனை வைத்த கடின உலோகத் தகடு நீளத்தை வெட்டும்போதே வாயின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் சாய்த்துவிடும். கோது அறைக்குள் தோளில்தான் முட்டி உட்காருகிறது. ஆகவே தோளிலிருந்து அளப்பது நியாயமான கணக்கு. ஆனால் ஒரு நிபந்தனை: எல்லாக் கோதும் ஒரே மாதிரி அமுக்கப்பட்டிருக்க வேண்டும். அச்சின் திருகு அசைந்து தோள் 0.1 மி.மீ. பின்னுக்குப் போனால், மொத்த நீளமும் 0.1 மி.மீ. குறையும். கருவி பிழை செய்யவில்லை, அமுக்கியவர் செய்த பிழையை அப்படியே பிரதி எடுக்கிறது. விளிம்பு வைத்த .303 பிரிட்டிஷ் கோதுக்கு இந்த வகையை நான் சொல்லமாட்டேன். அது அறையில் விளிம்பைக் கொண்டுதான் உட்காருகிறது, தோள் துவக்குக்குத் துவக்கு வேறு வேறு இடத்தில் நிற்கும்.

அமுக்குவதும் வெட்டுவதும் ஒரே அடியில் செய்கிற டில்லன் மோட்டர் வகையும் உண்டு. ஆயிரக்கணக்கில் நிரப்புகிறவர்களுக்கானது, மச்சானுக்கு அல்ல. கடினப்படுத்திய அச்சில் கோதை விட்டு, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை அரத்தால் மட்டம் தட்டுகிற அச்சும் இருக்கிறது. மெதுவான வேலை, ஆனால் அதில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை.

விலை ஏற ஏற துல்லியம் ஏறும் என்று எண்ணவேண்டாம். ஏறுவது பெரும்பாலும் வேகம். ஒழுங்காகப் பாவித்தால் மலிவான ஊசி வகையிலும் கோதுக்குக் கோது 0.05 மி.மீ. அளவுக்குள் நிற்கும். வாயைச் சன்னத்தின் மேல் மடித்து இறுக்காத .308 இலக்கு ரவைக்கு அது தாராளம். மடித்து இறுக்குகிறவருக்குத்தான் எல்லாக் கோதும் ஒரே நீளமாக இருப்பது முக்கியம்: நீளம் கூடினது கூடுதலாக இறுகும், குறைந்தது இறுகாது.

என்ன பிழைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கருவி வாங்கிய முதல் வாரத்தில் மச்சான் உங்களுக்குத் தொலைபேசி எடுக்கப்போவது இவற்றுக்காகத்தான்.

பத்துக் கோது சரியாக வந்தது, பதினோராவது மட்டும் குட்டை. கருவி தளர்ந்துவிட்டது என்று திருகைப் பிடித்து முறுக்க வேண்டாம். தாங்கியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், அடி உட்காருகிற இடத்தில் மயிர் போல ஒரு பித்தளைச் சுருள் நசுங்கிக் கிடக்கும். அது 0.1 மி.மீ. தடிப்பு என்றால் கோது அவ்வளவு உயர்ந்து நின்று, வாயில் அவ்வளவு கூடுதலாகப் போயிருக்கும். அடி தட்டையாக முட்டுகிற கருவிகளில், கழற்றாமல் விட்ட பழைய பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் குப்பி) கொஞ்சம் வெளியே தள்ளி நின்றாலும் இதே விளைவு. பிரைமரைக் கழற்றிவிட்டு வெட்டுவதுதான் நல்ல பழக்கம். ஊசி வகையில் வேறு வழியும் இல்லை. ஐந்து கோதுக்கு ஒருதரம் பழைய பல்தூரிகையால் தாங்கியைத் தட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வாய் அலை அலையாக வந்தால் அநேகமாகத் தள்ளுகிற கை பாரம். மொட்டை வெட்டியும் அப்படிச் செய்யும், ஆனால் அது பல ஆயிரம் கோதுக்குப் பிறகு. வெட்டுகிற சத்தம் நின்ற பிறகும் இரண்டு மூன்று சுற்று வெறுமனே விடச் சொல்லுங்கள். நீங்கள் லேத்தில் கடைசிப் பாஸில் செய்வதுதான். ஒவ்வொரு கோதுக்கும் கை அழுத்தம் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

பைலட் கழுத்துக்குள் இறுகிச் சூடேறிப் பித்தளை அதில் பூசிக்கொண்டால், அளவு இறுக்கம் என்று அர்த்தம். கழுத்தின் உள்விட்டத்தைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. குறைவாக இருந்தால் வழுக்கி ஓடும். அதைவிடத் தளர்ந்தால் வாய் சரிந்து வெட்டுப்படும். ஒரு துளி ஒயில் விடலாம், ஆனால் வெடிமருந்து போடுவதற்கு முன் கோதைக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஒயில் பட்ட மருந்தும் பிரைமரும் நம்பமுடியாதவை.

வெட்டிய வாயில் பிசிறு நிற்கும். உள்ளேயும் வெளியேயும் எடுக்கவேண்டும். உட்பக்கம் சன்னம் தோல் உரியாமல் இறங்குவதற்கு, வெளிப்பக்கம் அச்சுக்குள் கோது சிக்காமல் போவதற்கு. கழுத்துச் சுவர் ஏறத்தாழ 0.38 மி.மீ. தடிப்புத்தான், கையில் சாய்வுக் கருவியை வைத்து இரண்டு சுற்று மெல்லத் திருப்பினால் போதும். கத்தி விளிம்பு போலக் கூராக்கிவிட்டால் வாய் பலவீனப்படும், பிளவும் சீக்கிரம் வரும். சாதாரண 45 பாகைக் கருவியே காணும். நீண்ட கூம்பு அடி வைத்த சன்னத்துக்கு மட்டும் அதைவிடச் செங்குத்தான சாய்வுக் கருவி நல்லது.

உலோகத்தைப் பற்றியும் ஒரு சொல், உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம். லேத் பட்டறைகளில் வழமையாகக் கடைகிற பித்தளைக் கம்பியில் 3 வீதம் அளவில் ஈயம் கலந்திருக்கும், அதனால்தான் சீவல் பொடிப்பொடியாகத் தெறிக்கிறது. கோதுப் பித்தளை 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும். ஈயம் இல்லை. இழுத்து நீட்டுவதற்காகச் செய்த உலோகம். கடைந்தால் சவ்வு போலச் சுருண்டு வரும், கூர் மழுங்கிய முனையில் ஒட்டிக்கொள்ளும். பித்தளைதானே என்று எந்த முனையையும் வைக்கமுடியாது.

கோதை மினுக்குவதற்கு அமோனியா கலந்த பித்தளைப் பொலிஷ் வேண்டவே வேண்டாம். பிரித்தானியர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த ரவைக் கோதுகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. காரணம் குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா என்று 1921 இல்தான் விளக்கம் கிடைத்தது. உள்ளிழுவிசை உள்ள பித்தளையை அமோனியா மணிமணியாகப் பிரித்துவிடும். வீட்டில் குத்துவிளக்கு மினுக்குகிற பழப்புளி போன்ற மென்மையான அமிலம் ஆபத்தில்லை. கனடாவில் சிற்றிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் ஊறவைப்பார்கள். பிறகு நன்றாக அலசவேண்டும்.

இன்னொன்று, இது கருவியை விட முக்கியம். வாயில் வெட்டி எறிகிற பித்தளை எங்கிருந்து வந்தது? அடிக்குச் சற்று மேலே உள்ள சுவர் மெலிந்துதான் அது முன்னுக்கு வந்தது. நான்கு ஐந்து தரம் வெட்டிய கோது நீளத்தில் சரியாக இருந்தாலும் உள்ளே வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கலாம். மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கி போல மடக்கி, கூராக்கி, கோதுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடியிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்குள் நகம் தட்டுவதுபோல ஓரிடத்தில் சிக்கினால் அந்தக் கோது பழைய பித்தளைக்கடைக்கு. வெளியில் அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அப்படித்தான். எறிவதற்கு முன் குறட்டால் வாயை நசுக்கிவிட்டால் திரும்ப எடுபடாது.

அளப்பதற்கு 0.02 மி.மீ. காட்டுகிற சாதாரண வேர்ணியரே காணும். கோதை மூன்று பக்கம் திருப்பித் திருப்பி அளந்தால் வாய் சரிந்திருக்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். தாடை வாயை நசுக்காமல் மெல்லத் தொடவேண்டும்.

இனி நீங்கள் கடைந்து அனுப்புவது. மூன்று தாடைச் சக்கில் கோதை நேரே பிடித்து வெட்டலாம் என்று எண்ணினால் கோது நசுங்கும். .308 கோதின் உடம்பு அடிப்பக்கம் 11.96 மி.மீ., தோள்பக்கம் 11.53 மி.மீ. சரிவு இருப்பதால் தாடை ஒரு ஓரத்தில் மட்டும் பிடிக்கும். முழுக் கருவியையும் கடைவதும் வீண்: லீ ஊசியும் வளையமும் அங்கே வாங்குகிற விலை, இங்கிருந்து தபாலில் அனுப்புகிற செலவுக்குக்கூட வராது. கடைய ஆசை என்றால் பைலட் ஒன்று கடையுங்கள். மச்சான் தன் அச்சில் அமுக்கிய மூன்று கோதின் கழுத்து உள்விட்டத்தை அளந்து எழுதி அனுப்பட்டும். .308 சன்னம் 7.82 மி.மீ.; அமுக்கிய கழுத்து அதைவிட அரை நூல்கூட அல்ல, ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் சில பங்குதான் சிறுக்கும். அவருடைய அளவில் 0.04 குறைத்து, கடினப்படுத்தக்கூடிய உருக்கில், தண்டும் முளையும் ஒரே பிடியில் கடையவேண்டும். இடையில் கழற்றித் திருப்பிப் பிடித்தால் மையம் விலகும். முளையின் மேற்பரப்பை எமரித் தாளால் நன்றாக மினுக்கிவிடுங்கள், பித்தளை அதில்தான் ஒட்டும்.

அளவு பார்க்க அங்கிருந்து கோது அனுப்பச் சொல்லவேண்டாம். வெறும் கோதுதானே என்று நீங்கள் நினைக்கலாம், சோதிக்கிறவர் அப்படி நினைக்கமாட்டார். கனடாவில் உரிய அனுமதி உள்ளவர் சொந்தப் பாவனைக்கு நிரப்புவது வேறு விசயம். இங்கே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. துவக்கு, ரவை, மருந்து எதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கொட்பேயில் வலை இழுக்கிறவரோ காணி துப்புரவாக்குகிறவரோ பழைய கோது, ரவை என்று எதையாவது பட்டறைக்குக் கொண்டுவந்து "பித்தளை, நிறுத்து எடுங்கோ" என்றால் கையில் வாங்கவே வேண்டாம், சக்கில் பூட்டுவது பற்றிக் கதையே இல்லை. சுட்டதா சுடாததா என்பது சேறும் களிம்பும் மூடினால் கண்ணுக்குத் தெரியாது. இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பொலிஸுக்கு, 119 க்கு, அழைக்கச் சொல்லுங்கள்.